தொழுவத்து மண்

லூக்கா நற்செய்தியில் மாடு இல்லை. கழுதையும் இல்லை. விடுதியில் இடம் கிடைக்கவில்லை, பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள் என்பதோடு லூக்கா நிறுத்திக்கொள்கிறார். தொட்டி இருந்தால் அதில் தின்பதற்கு ஏதாவது ஒன்று பக்கத்தில் நின்றிருக்கத்தானே வேண்டும் என்று யோசித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். ஏசாயாவின் நூலில் மாட்டையும் கழுதையையும் தொட்டியையும் சேர்த்துச் சொல்லும் ஒரு வசனம் இருக்கிறது. அதையும் இதையும் முடிச்சுப்போட்டு, திருச்சபை தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளாத 'பொய் மத்தேயு' என்ற பிற்கால நூல் இரண்டு விலங்குகளையும் கொண்டுவந்து நிறுத்தியது. ராஜாக்கள் விஷயமும் இப்படித்தான். மத்தேயு அவர்களை ஞானிகள் என்கிறாரே தவிர, எத்தனை பேர் என்று சொல்லவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று இருந்ததால் ஆளும் மூன்று பேர் ஆனார்கள். கிரீடம் அதற்கப்புறம் வந்தது.

ஆக, கிறிஸ்துமஸ் குடில் என்பது வேதத்தில் எழுதியிருப்பதை அப்படியே பொம்மையாக்கிய காட்சி இல்லை. ஜனங்கள் அவரவர் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்து வளர்த்த காட்சி. கம்பம் பள்ளத்தாக்கில் என் அம்மாச்சி வீட்டுக் குடிலில் நிற்கும் மாட்டுக்குத் திமில் உண்டு. ஐரோப்பியப் படங்களில் இருக்கும் பெத்லகேம் மாட்டுக்குத் திமில் கிடையாது. செய்தவர் தான் பார்த்த மாட்டைச் செய்துவிட்டார். அதே குடிலில் யாருக்கும் ஜோடி சேராத, மற்ற ஆடுகளைவிடச் சின்னதான ஒரு மண் ஆட்டுக்குட்டியும் உண்டு. அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை விளக்க எனக்கு இரண்டு வரலாறுகள் தேவைப்பட்டன. ஒன்று ஐரோப்பாவிலிருந்து வந்தது. இன்னொன்று மதுரைப் பக்கத்துக் குயவர்களுடையது.

*

முதலாவது சுருக்கமாக. 1223 டிசம்பரில் இத்தாலியின் கிரேச்சியோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ் கிறிஸ்துமஸ் இரவை ஒரு தொழுவமாக ஏற்பாடு செய்தார். அதில் பொம்மை எதுவும் இல்லை. வைக்கோல் நிரப்பிய தொட்டி, உயிருள்ள மாடு, உயிருள்ள கழுதை, அதன்மேல் பூசை. பணக்கார வழிபாட்டுக்கு எதிராக ஓர் ஏழைப் பிறப்பைக் கண்ணால் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். பொம்மைகள் வைத்த குடிலை ஊர் ஊராகப் பரப்பியதில் சேசு சபையினருக்குப் பெரிய பங்கு உண்டு. 1562-ல் பிராக் நகரில் அவர்கள் அமைத்த குடிலைத் தொடக்ககாலக் குடில்களில் ஒன்றாகச் சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் அது அரண்மனைச் சமாச்சாரம் ஆனது. சுட்ட மண்ணில் தலை, பட்டில் உடுப்பு, பிரபுக்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு முழுச் சந்தை.

அதை எளியவர்கள் கைக்குக் கொண்டுவந்தது பிரெஞ்சுப் புரட்சி. திட்டமிட்டு அல்ல. கோயில்கள் மூடப்பட்டன, நள்ளிரவுப் பூசை நின்றது, கோயிலில் பார்த்த குடிலை ஜனங்கள் வீட்டுக்குள் வைக்கத் தொடங்கினார்கள். மார்செய் நகரத்தில் ழான் லூயி லாஞெல் என்ற கலைஞர் சாந்து அச்சுகள் செய்து, அதில் களிமண்ணை அழுத்தி, விரல் உயரப் பொம்மைகளை மலிவாக எடுத்தார். 'சாந்தோன்' என்று பெயர். குட்டிப் புனிதர் என்று பொருள். ஆனால் அந்தப் புனிதர்களில் பலர் புனிதர்களே இல்லை. ரொட்டி சுடுபவன், மீன்காரி, துணி வெளுப்பவள், சாணை பிடிப்பவன் என்று ஊர் ஜனம் முழுக்கக் குழந்தையைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. 1803 முதல் மார்செய்யில் இதற்கென்று ஒரு சந்தை நடக்கிறது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு வாங்கிச் சேர்ப்பது அங்கே குடும்ப வழக்கம்.

அந்தப் பகுதியில் இன்னொரு பழக்கம். டிசம்பர் 4, புனித பார்பரா திருநாளன்று தட்டில் கோதுமையை முளைக்கப் போடுவார்கள். கிறிஸ்துமசுக்குள் பச்சையாக எழும்பிவிடும். குடிலில் கொண்டுபோய் வைப்பார்கள். இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். அம்மாச்சி கேழ்வரகைத் தட்டில் தூவிக் குடிலுக்குப் புல் வளர்ப்பார். பக்கத்துத் தெருவில் அதே வேலையைச் சட்டியில் செய்து, இருட்டில் வைத்து வளர்த்து, அம்மனுக்குத் தூக்கிப்போனால் அது முளைப்பாரி. பார்பராவும் மாரியம்மனும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல வரவில்லை. விதை முளைப்பதை வைத்து வரும் வருஷத்தைப் பார்க்கிற விவசாயிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவ்வளவுதான்.

*

குடில் இந்தப் பக்கம் வந்த பாதை மதுரை மிஷன். ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606-ல். கிறிஸ்தவக் கதையை இந்த மண்ணின் பாஷையில் சொல்லும் பெரிய முயற்சி அங்கே ஆரம்பிக்கிறது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பருக்கு 'வளன்' என்று பெயர் வைத்து, அவரையே காப்பியத் தலைவன் ஆக்கினார். 1773-ல் ரோமாபுரி சேசு சபையைக் கலைத்தது, மிஷன் நலிந்தது. 1838-ல் மறுபடி வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அதற்கும் முன்பே, 1832-ல், ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடியிலிருந்து பரவியதுதான் கம்பத்துப் பன்னீர் திராட்சை என்று 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சொன்னார்கள். இன்று அந்தத் திராட்சை அதிகம் விளையும் ஊர்களில் இராயப்பன்பட்டியும் ஆனைமலையன்பட்டியும் உண்டு. இராயப்பர் என்றால் பழைய கத்தோலிக்கத் தமிழில் பேதுரு.

வெளியிலிருந்து வந்த வடிவமும் உள்ளூர் மண்ணும் எப்படிச் சேர்ந்தன என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் சிவகங்கைப் பக்கம் இடைக்காட்டூருக்குப் போக வேண்டும். 1894-ல் பெர்டினாண்டு செல் என்ற பிரெஞ்சு குரு அங்கே திருஇருதய ஆண்டவர் கோயிலைக் கட்டினார். மாதிரி பிரான்சின் ரைம்ஸ் பேராலயம். ஆனால் ரைம்ஸ் கல்லால் ஆனது. இடைக்காட்டூர்க் கோயிலின் அலங்காரம் வித விதமாக அச்சில் வார்த்துச் சுட்ட மண்.

இங்கேதான் இரண்டாவது வரலாறு வருகிறது. மதுரைச் சீமையில் மண்ணை உருவமாக்கும் உரிமை வேளார்களுடையது. அவர்கள் பானை மட்டும் வனைகிறவர்கள் அல்லர். அய்யனார் கோயில்களில் பல இடங்களில் பூசாரியும் அவர்களே. சாமியைச் செய்கிற கையும் சாமிக்குப் பூசை போடுகிற கையும் ஒன்று. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஸ்டீபன் இங்லிஸ் மதுரை மாவட்ட வேளார்களின் கலையைப் பற்றி 1980-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

புரவி எடுப்பு நடக்கிற ஊர்களில் வேலை ஒரு பிடி மண்ணில் ஆரம்பிக்கும். ஊர்ப் பெரியவர்கள் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அதைத் தன் களிமண்ணோடு சேர்த்து அவர் குதிரை செய்வார். கடைசியில் கண் திறப்பார். குதிரை ஊருக்கு, அதன் பக்கத்தில் வீடுகளுக்கான உருவங்கள் உண்டு. பிள்ளை வேண்டியவர்களும், பிள்ளை பிழைக்க வேண்டியவர்களும் 'மதலை' எடுப்பார்கள். மதலை என்றால் மண்ணில் செய்த பிள்ளை உருவம். காலில் நோவு என்றால் மண் கால், கையில் நோவு என்றால் மண் கை. எடுத்துப்போய் அய்யனார் முன் வைத்துவிட்டால் முடிந்தது. திரும்பி எடுத்து வருவதில்லை. வெயிலும் மழையும் பட்டு அது அங்கேயே கரையும். அடுத்த நேர்த்திக்கு அடுத்த மண்.

கொலு நேர்மாறு. அதில் பொம்மையை விடுவதில்லை, சேர்ப்பார்கள். வருஷம் ஒன்றாவது புதிதாக வாங்க வேண்டும். கல்யாணத்தில் கொடுத்த மரப்பாச்சி ஜோடி மேல்படியில் இருக்கும். பெட்டியைத் திறந்தால் எந்தப் பொம்மை எந்தப் பிரசவத்தின்போது வாங்கியது என்று வீட்டுப் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

தமிழ்நாட்டு வீட்டுக் குடில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பது என் எண்ணம். கொலு மாதிரி அது பெட்டிக்குள் திரும்பிப் போகிறது. ஆனால் அதற்குள் மதலையைப் போன்ற வேண்டுதல்களும் துக்கங்களும் ஒளிந்திருக்கின்றன. கடையில் வாங்கிய உருவங்களுக்கு நடுவே பிள்ளைகள் கண்மாய்க் களிமண்ணில் பிடித்த ஆடுகளும் நிற்கும். சுடாத மண் என்பதால் ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிது. அடுத்த வருஷம் அந்த இடத்தில் அடுத்த பிள்ளை பிடித்த ஆடு நிற்கும்.

*

இனி அந்தச் சின்ன ஆட்டுக்குட்டி. அம்மாச்சிக்கு 1961-ல் நாலாவது பிரசவம். பிள்ளை பிறக்கும்போதே உயிர் இல்லை. ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை. அன்று நடப்பில் இருந்தது 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்கு, அவர்கள் பச்சைக் குழந்தைகளே ஆனாலும், கோயில் அடக்கம் இல்லை என்று அது சொன்னது. அப்படிப்பட்ட பிள்ளைகள் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் வெளியே 'லிம்போ' என்ற இடத்தில் இருப்பார்கள் என்பது பல நூற்றாண்டுகளாகக் குருக்கள் சொல்லிவந்த போதனை. மந்திரித்த கல்லறையில் இடம் இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இல்லை. பெயரே வைக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி வைக்க ஒரு குழி கூட இல்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமசுக்கு அவர் சந்தையில் ஓர் ஒத்தை ஆட்டுக்குட்டியை வாங்கிவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. என் அம்மாவுக்கே ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரியும். ஏன் ஆடு என்று கேட்டதற்கு, "மனுசப் பிள்ளையா வச்சா ஆளு கேப்பாகள்ல. ஆட்டை யாரு கேக்கப் போறா" என்றாராம்.

1983-ல் திருச்சபை புதிய சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தது. ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்த பெற்றோரின் பிள்ளை அதற்குமுன் இறந்துபோனால் ஆயரின் அனுமதியோடு கோயில் அடக்கம் உண்டு என்று மாற்றியது. 2007-ல் ரோமாபுரியின் பன்னாட்டு இறையியல் குழு, அந்தப் பிள்ளைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. அந்த ஆவணத்தை நான் படித்தது முப்பது வயதுக்கு மேல். நீளமான, கவனமான எழுத்து. ஒவ்வொரு வரியும் பழைய போதனையை மீறாமல் ஓர் அடி முன்னே வைக்கப் பார்க்கிறது. அம்மாச்சி அந்த அடியை எடுத்துவைத்தது அதற்கு நாற்பத்தாறு வருஷம் முன்னால், எட்டணாவும் பெறாத மண் ஆட்டை வைத்து. அந்தப் பிள்ளை இருக்கவேண்டிய இடம் தொட்டிக்குப் பக்கம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

குடும்ப அர்த்தம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இனிமையான ஒன்றை. முதல் கிறிஸ்துமஸ், புது மருமகள், பேரன் பிடித்த ஆடு. அவையும் உண்மைதான். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாததை எழுதிவைக்கவும் மண் உதவியிருக்கிறது. அய்யனார் கோயிலில் மதலை வைத்த தாய்க்கு இது புரிந்திருக்கும். அவளுடையது வெளியே கரைந்தது, இவருடையது வீட்டுக்குள் தங்கியது. வித்தியாசம் அதுதான்.

*

தொழுவம் என்ற இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கத்தியப் பிரசங்கங்களில் மாட்டுத்தொழுவம் என்றால் இழிவான இடம். கடவுள் அவ்வளவு தாழ்ந்து வந்தார் என்பது செய்தி. கம்பம் பள்ளத்தாக்கில் இந்தச் செய்தி கொஞ்சம் தடுமாறும். கம்பத்திலேயே நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. ஒக்கலிகர்களின் கோயில் அது. கோயில் என்றால் அங்கே தொழுதான். மாடுகளே தெய்வம். பட்டத்துக்காளைக்கு வழிபாடு. மாட்டுப்பொங்கலுக்குச் சுற்றுவட்டாரமே அங்கே திரண்டுவிடும். மேகமலை அடிவாரத்தில் மந்தையாக மேயும் மலைமாடுகளை வைத்து வாழ்ந்த ஊர்களில், தொழுவில் பிறந்தான் என்பதை அவமானமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மாச்சி வீட்டுக் குடிலின் மாடு, பெத்லகேம் படங்களில் மாதிரி மூலையில் படுத்துக்கிடக்காது. திமிலோடு நடுவில் நிற்கும்.

*

இன்று இந்தப் பொம்மைகளில் பெரும் பகுதி வருவது மதுரை திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரியிலிருந்து. தலைமுறைகளாகப் பொம்மை செய்யும் ஊர். அங்கே போனால் வருஷத்தை மண்ணிலேயே படிக்கலாம். ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் அகல்விளக்கு, மார்கழியில் குடில், தை பிறந்தால் பொங்கல் பானை. ஒரே திண்ணையில் கிருஷ்ணனும் மூன்று ராஜாக்களும் காய்ந்துகொண்டிருப்பார்கள். செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். வாங்குகிறவருக்கு அது தன் குடும்பத்தின் பொம்மை. செய்கிறவருக்கும் அது குடும்பத்தின் பொம்மைதான், வேறு அர்த்தத்தில். ஒருவர் மண் மிதிக்க, ஒருவர் அச்சில் அழுத்த, வீட்டுப் பெண்கள் வர்ணம் தீட்ட, பத்துக் கை பட்டுத்தான் ஒரு மாதா வெளியே வருவாள்.

வேலை இப்படி. கண்மாய்க் களிமண்ணைக் காயவைத்து, உடைத்து, ஊறப்போட்டு, சலித்து, மணல் கலந்து மிதிக்க வேண்டும். அச்சு முன்பாதி பின்பாதி என்று இரண்டு. இரண்டிலும் மண்ணை மெல்லிசாக அப்பி, சேர்த்து அழுத்தி, ஒட்டின இடத்தைத் தண்ணி தொட்டு வழிக்க வேண்டும். உள்ளே கூடாகத்தான் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் சூளையில் ஈரம் வெளியேற வழியில்லாமல் வெடித்துவிடும். அதற்குத்தான் அடியிலோ முதுகிலோ ஓட்டை. நிழலில் காயவைத்து, பிறகு வெயில் காட்டி, சூளையில் சுட்டு, வெள்ளை அடித்து, கடைசியில் வர்ணம். கண் எழுதுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இதில் கிறிஸ்துமஸ் பொம்மைக்கென்று ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. பிள்ளையாருக்குக் கோடை வெயில் கிடைக்கும். கொலுவுக்கும் ஓரளவு கிடைக்கும். குடில் பொம்மைகள் செய்ய வேண்டியது ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை பெய்கிற சமயம். மண் காயாது, விறகு நனையும், சூளை பிடிக்காது. சாந்தில் வார்த்தால் சுடவே வேண்டாம், ஒரே நாளில் இறுகிவிடும். எனவே குடில் பொம்மை சாந்துக்கு மாறியதற்கு ரசனைக் குறைவு மட்டும் காரணம் இல்லை. மழையும் ஒரு காரணம். நீரில் கரைக்கும் சிலைகளில் பாரிஸ் சாந்து கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வழிமுறைகளைத் திருத்தியபோது பிள்ளையார் மண்ணுக்குத் திரும்ப ஒரு நெருக்கடி உண்டானது. குடிலை யாரும் ஆற்றில் கரைப்பதில்லை. அதற்கு அந்த நெருக்கடி இல்லை.

மண் கிடைப்பதே பெரிய பாடாக இருந்தது. கண்மாய் அரசுடையது, மண் எடுக்க அனுமதி வேண்டும், அனுமதிக்கு மாவட்டத் தலைநகர் வரை அலைய வேண்டும். 2024-ல் தமிழக அரசு விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமில்லாமல் வண்டலும் களிமண்ணும் எடுக்கலாம் என்று விதியை எளிதாக்கியது. நல்ல காரியம். மழைக்கு முன்னால் மண்ணை எடுத்துக் குவித்து வைத்துக்கொள்ள முடிந்தால்தான் மார்கழிக்குப் பொம்மை வரும்.

நான் கவலைப்படுவது மண்ணா சாந்தா என்பதைப் பற்றி மட்டும் இல்லை. இப்போது குடில் 'செட்'டாக வருகிறது. அட்டைப்பெட்டி, உள்ளே வெட்டிவைத்த நுரைப்பலகை, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒருவர். இணையத்தில் வாங்கினாலும் அப்படித்தான். எல்லாம் ஒரே உயரம், ஒரே வர்ணம். பார்க்க நன்றாகவே இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அந்தப் பெட்டிக்குள் கூடுதலாக ஒன்றை வைக்கப் பள்ளம் கிடையாது. ஒன்று உடைந்தால் அதை மட்டும் வாங்கவும் முடியாது, அடுத்த செட்தான். எண்ணூறு வருஷமாக ஜனங்கள் தங்கள் மாட்டையும் மீன்காரியையும் புல்லையும் கொண்டுவந்து சேர்த்த ஒரு காட்சி, முதல்முறையாக மூடின பட்டியலாக மாறுகிறது.

விளாச்சேரியில் இன்னும் ஒத்தைப் பொம்மை கேட்டால் தருகிறார்கள். திமில் வைத்த மாடு வேண்டும், இந்த அளவில் ஓர் ஆடு வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் செய்தும் தருவார்கள். சொல்ல வேண்டிய காலம் டிசம்பர் இல்லை. வெயில் இருக்கும்போது, கொலு வேலை முடிந்து சூளை ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.